வடம் பிடிக்கும் நியூரான்கள்

மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுக்கப் போகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். மறந்துபோய்த் தேங்காய் எண்ணெய் மினுங்க வந்து நிற்பவர்கள் உண்டு. அந்தத் தலையில் பசை சரியாக ஒட்டாது, டெக்னீஷியன் முகம் சுளிப்பார். எண்ணெய் இல்லாத தலை வாய்த்தால் தையல்காரரைப் போல டேப்பை எடுத்து, மூக்கு மேட்டிலிருந்து பிடரி வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை அளப்பார். கலர் பென்சிலால் புள்ளி வைப்பார். புள்ளிக்குப் புள்ளி பசை, பசை மேல் சின்ன உலோக வில்லை, வில்லைக்கு ஒரு வயர். இருபது சொச்சம் வயர் மாட்டியதும் அறை விளக்கு மங்கும். “கண்ணை மூடிக்கோங்கம்மா... இப்பத் திறங்க... திரும்ப மூடிக்கோங்க.”

அந்த அம்மா கண்ணை மூடிய மறு நொடி, பின்தலையிலிருந்து வரும் கோடுகளில் சீரான அலை எழும்பும். நொடிக்குப் பத்து வாக்கில், குளத்துத் தண்ணீர் படிக்கட்டில் மோதுவது போல ஒரே அளவாக. கண்ணைத் திறந்தால் அலை அமுங்கிக் கோழி கிளறியது மாதிரிக் கிறுக்கலாகிவிடும். இன்று இதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிறது. முன்பு காகிதத்தில் ஓடியது. பேனா முட்கள் வரிசையாக நின்று கரகரவென்று கீற, நொடிக்கு 3 செ.மீ. வேகத்தில் காகிதம் நகரும். 20 நிமிடப் பதிவென்றால் 36 மீட்டர்! மடித்துக் கட்டினால் கல்யாணப் பட்டியல் போல ஒரு கட்டு. டாக்டர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்.

கண்ணை மூடினால் அலை, திறந்தால் கிறுக்கல். மனித மூளையின் மின்சாரத்தில் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்த வித்தியாசம் இதுதான். இதை வைத்து விஞ்ஞானிகள் போட்ட கணக்கு, பிறகு அரை நூற்றாண்டுக்கு அவர்களைப் பாதி வழியிலேயே நிறுத்தி வைத்தது.

கதை ஜெர்மனியின் யேனா நகரில் தொடங்குகிறது. மூளையில் மின்சாரம் ஓடுகிறது என்பதை இங்கிலாந்தின் லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன் 1875லேயே முயல், குரங்கு மூளைகளில் காட்டிவிட்டார். மனிதத் தலையில் அதைப் பிடித்தவர் யேனாவின் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஆண்டு 1924. அவர் தேடிப் போனதோ வேறு. இளம்வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் நசுங்கவிருந்து மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி: நலமா? எங்கோ இருந்த அக்காவுக்குத் தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனம் பதறியிருக்கிறது. ஒரு மனம் இன்னொரு மனத்துக்குச் செய்தி அனுப்ப முடியுமென்றால், அதைச் சுமந்துபோகும் சக்தி எது? இந்தக் கேள்விதான் அவரை மூளைக்குள் இழுத்தது.

நாள் முழுக்க ஆஸ்பத்திரி வேலை, மாலையில் யாருக்கும் சொல்லாமல் மின்சாரம் அளக்கும் கால்வனோமீட்டரோடு மல்லுக்கட்டு. மகன் கிளாவுஸின் தலையும் தப்பவில்லை. மண்டையின் வெளியே கிடைக்கும் மின்னழுத்தம், ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் சில பத்துக் கூறுகள்தான். தான் பதிவது மூளையையா, தோல் தசையையா, கருவியின் நடுக்கத்தையா என்ற சந்தேகத்திலேயே ஐந்து வருடம் ஓடியது. 1929இல்தான் எழுதினார். அதையும் சேர்த்து 1938 வரை ஒரே தலைப்பில் எண் போட்டு 14 கட்டுரைகள். நொடிக்குப் பத்து அலைக்கு ‘ஆல்ஃபா’ என்று பெயர் வைத்தவரும் அவரே. 1941இல் தற்கொலை செய்துகொண்டார். நாஜி ஆட்சியில், மனநோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை விதித்த மேல்முறையீட்டு மன்றத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பின்னாளில் ஆவணங்கள் காட்டின. கண்டுபிடிப்பைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெர்கரை முதலில் யாரும் நம்பவில்லை. நம்ப வைத்தவர் கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்ரியன். நோபல் பரிசு பெற்றவர், வாய்ச்சொல்லுக்கு எடை உண்டு. 1934இல் பிரையன் மேத்யூஸுடன் சேர்ந்து தன் தலையிலேயே மின்முனையை வைத்து, கண்ணை மூடித் திறந்து காட்டினார். நீர்வண்டின் பார்வை நரம்பு முடிச்சிலும் இருட்டில் இதே மாதிரி அலை எழுவதையும் வெளிச்சம் பட்டதும் மறைவதையும் அவர்கள் பதிந்தார்கள். இதிலிருந்து வந்த முடிவு எளிமையானது. பார்க்க எதுவும் இல்லாதபோது பார்வைப் பகுதியின் செல்கள் வேலையில்லாமல் ஒன்றாகச் சேர்ந்து தாளம் போடுகின்றன. பார்க்க ஏதாவது வந்ததும் ஆளுக்கொரு வேலையாகப் பிரிந்துவிடுகின்றன. திண்ணையில் தாயம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மழை வந்ததும் நாலா பக்கமும் கலைவது போல.

ஆழ்ந்த தூக்கத்திலோ அலை இன்னும் பெரிது, இன்னும் மெதுவானது. 1949இல் மோருஸி, மகூன் என்ற ஆய்வாளர்கள் பூனையின் மூளைத்தண்டைத் தூண்டியதும் பெரிய அலைகள் கலைந்து, விழித்த மூளையின் கிறுக்கல் வந்தது. கணக்கு முடிந்தது: ஒத்திசைவு என்றால் ஓய்வு, ஒத்திசைவு கலைந்தால் விழிப்பு. பாடப்புத்தகத்தில் அப்படியே ஏறியது.

அது தனி நியூரானின், அதாவது ஒற்றை நரம்பு செல்லின், பொற்காலமும்கூட. ஹூபல், வீசல் என்ற ஆய்வாளர்கள் பூனையின் பார்வைப் பகுதியில் நுண்ணிய மின்முனையைச் செருகி, ஒற்றை செல்லின் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டார்கள். சாய்ந்த கோட்டைக் காட்டினால் ஒரு செல் படபடவென்று பொரியும், செங்குத்துக் கோட்டுக்கு மௌனம் காக்கும். 1981இல் நோபல். எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணினால் போதும், எப்போது துடிக்கிறது என்பது யாருக்கு வேண்டும்? இதில் ஒரு வேடிக்கை: அதே ஏட்ரியன் 1942இல், முள்ளெலியின் மூளையில் வாசனை நுழைந்ததும் வேகமான சீரலைகள் எழுவதைப் பதிந்திருந்தார். அங்கே ஓய்வு எதுவும் இல்லை, முள்ளெலி மோந்துகொண்டிருந்தது. அந்தத் தாளை அதிகம் பேர் எடுத்துப் புரட்டவில்லை.

தனி செல் கணக்கு எங்கே இடித்தது? சந்தையில் சிவப்புச் சேலை கட்டிய பெண் பச்சை மிளகாய்க் கூடையோடு நடந்துபோகிறார். நிறத்துக்கு ஒரு கூட்டம் செல்கள், உருவத்துக்கு ஒரு கூட்டம், நகர்வுக்கு இன்னொரு கூட்டம், எல்லாம் வேறு வேறு இடங்களில். சிவப்பும் பச்சையும் துடிக்கின்றன, சேலையும் கூடையும் துடிக்கின்றன. பச்சைச் சேலையில் ஒருவர் சிவப்பு மிளகாய் கொண்டுபோவதாக மூளை ஏன் குழப்பிக்கொள்வதில்லை? எதை எதோடு முடிச்சுப் போடுவது? 1981இல் கிறிஸ்டோஃப் ஃபான் டெர் மால்ஸ்பர்க் ஒரு விடை சொன்னார்: ஒரே பொருளைச் சேர்ந்த செல்கள் ஒரே கணத்தில் துடிக்கும், அதுதான் முடிச்சு.

ஒரே கணம் என்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வடம்தான் ஆடும், தேர் அசையாது. குரல் கொடுத்ததும் எல்லாக் கையும் சேர்ந்து ஒரு வெட்டு வெட்டினால் நிலையில் நின்ற தேர் கிறீச்சிட்டுக் கிளம்பும். நியூரானும் தேர்தான். ஆயிரக்கணக்கான இணைப்புகள் அதற்குள் வருகின்றன. ஒவ்வொன்றும் தரும் இழுப்பு அற்பம், அதுவும் சில மில்லி நொடிகளில் கரைந்துபோகும். கரைவதற்குள் பல இழுப்புகள் வந்து சேர்ந்தால்தான் அந்த செல் துடிக்கும். ஆகவே எத்தனை பேர் இழுக்கிறார்கள் என்பதோடு, எப்போது இழுக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

1989இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வோல்ஃப் சிங்கரின் ஆய்வகம், சார்லஸ் கிரே முன்னின்ற ஆய்வில், இதைக் கண்ணால் காட்டியது. பூனையின் பார்வைப் பகுதியில் 7 மில்லிமீட்டர் தள்ளியிருந்த இரண்டு இடங்கள். இரண்டு தனிக் கோடுகள் எதிரெதிர்த் திசையில் போனால் அந்த இடங்களின் செல்கள் தம் பாட்டுக்குத் துடித்தன. ஒரே நீளக் கோடு இரண்டின் மேலும் கடந்துபோனபோது, நொடிக்கு 40 வாக்கிலான அலையில், முன்பின் இல்லாமல் ஒன்றாகத் துடித்தன. ஒத்திசைவு ஓய்வின் அடையாளம் என்ற பழைய கணக்கு அன்றோடு ஆட்டம் கண்டது. இது வேலை செய்யும் மூளையின் அலை, பெயர் காமா.

சேர்ந்து துடிக்கிறது சரி, அதனால் பிராணிக்குப் பயன் உண்டா? இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த சோதனை இதற்குத்தான் விடை சொன்னது, அதுவும் தேனீயிடமிருந்து. அமெரிக்காவின் கால்டெக்கில் ஜில் லோரான் குழு வெட்டுக்கிளிகளின் வாசனை மையத்தில் நொடிக்கு 20 வாக்கிலான ஒத்தலையைக் கண்டிருந்தது. 1997இல் அந்தக் குழுவின் மார்க் ஸ்டாப்ஃபரும் சகாக்களும் தேனீக்களின் வாசனை மையத்தில் பிக்ரோடாக்சின் என்ற நஞ்சைச் சிறிது செலுத்தினார்கள். செல்கள் முன்போலவே வாசனைக்குத் துடித்தன, ஆனால் சேர்ந்து துடிப்பது மட்டும் நின்றது. பிறகு தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் காட்டிப் பாடம். ஒரு வாசனையைப் பழக்கிவிட்டு, வேறு வாசனையை நீட்டினால் நாக்கை நீட்டுகிறதா என்று பார்த்தார்கள். முற்றிலும் வேறான வாசனையென்றால் நஞ்சு பட்ட தேனீயும் ஏமாறவில்லை. அண்ணன் தம்பி போல நெருங்கிய இரண்டு வாசனைகளை மட்டும் அதால் பிரித்தறிய முடியவில்லை. நுணுக்கம் போய்விட்டது, மேலோட்டமான அறிவு மிஞ்சியது. அந்தப் பிக்ரோடாக்சின் கிடைப்பது, நம் ஊர்களில் மீனை மயக்கிப் பிடிக்கத் தண்ணீரில் கலக்கும் காக்கைக்கொல்லி விதையிலிருந்து!

தொண்ணூறுகள் காமா அலையின் திருவிழாக் காலம். டிஎன்ஏ புகழ் ஃபிரான்சிஸ் கிரிக், கிறிஸ்டோஃப் காக்கோடு சேர்ந்து 1990இல், உணர்வு நிலைக்கே 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 அலை, அடித்தளமாகலாம் என்றார். கவனம், நினைவு, கனவு எதைத் தொட்டாலும் காமா. திருவிழா என்றால் சண்டையும் வரும். ஷாட்லன், மோவ்ஷன் என்ற ஆய்வாளர்கள் 1999இல் கடுமையாக எதிர்த்தார்கள்: சேர்ந்து துடிப்பது காரியமா, காரியத்தின் நிழலா? கிரிக்கும் காக்கும் 2003இல், 40 ஹெர்ட்ஸ் மட்டும் உணர்வுக்குப் போதாது என்று தாமே எழுதிப் பின்வாங்கினார்கள். பெரிய மனிதர் தன் கருத்தைத் தானே திருத்திக்கொண்டதைக் கண்டிப்பாகக் குறித்துவைக்க வேண்டும். 2010இல் சுப்ரதிம் ராயும் ஜான் மான்செலும் குரங்குகளில் இன்னொரு ஓட்டையைக் காட்டினார்கள். காமாவின் வேகம் காட்சியின் ஒளி வேறுபாட்டைப் பொறுத்து மாறுகிறது. படத்தில் ஒரு பக்கம் பளிச், ஒரு பக்கம் மங்கல் என்றால் இரு பக்கத்துக்கும் இரு வேகம். வேறு வேறு வேகத்தில் போகும் கால்கள் எப்படிக் கைகோத்து நடக்கும்? எல்லாவற்றையும் காமாவே முடிச்சுப் போடுகிறது என்ற பெரிய வாதம் அத்தோடு சுருங்கியது. என் தராசில் எதிர்த்தவர்கள் பக்கம்தான் கொஞ்சம் கனம்.

சுருங்கிய இடத்தில் உருப்படியான விஷயங்கள் வளர்ந்தன. தாளத்தை யார் போடுகிறார்கள் என்பது இன்று ஓரளவு தெரியும். ‘முட்டுக்கட்டை போடாதே’ என்று ஏசுகிறோமே, தேரின் சக்கரத்தோடு ஒட்டி நடந்து முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாவிட்டால் தேர் தெரு திரும்பாது, வீட்டுக்குள் புகும். பெருமூளைப் புறணியில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமான நியூரான்களுக்கு இதுதான் தொழில்: அடுத்தவரை அடக்குவது. அவை ஒன்றாகத் துடித்தால் சுற்றியுள்ள செல்கள் பத்துப் பதினைந்து மில்லி நொடிக்கு வாயடைத்துப் போகும். பிடி தளர்ந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் விடுபட்டுச் சேர்ந்து துடிக்கும். மறுபடி முட்டுக்கட்டை. இந்தப் பிடிப்பும் விடுப்பும்தான் காமா. 2009இல் எலிகளின் அடக்கும் செல்களை மட்டும் ஒளியால் இயக்கி, காமாவை வரவழைத்தே காட்டிவிட்டார்கள். காக்கைக்கொல்லி நஞ்சு தேனீயில் தடுத்ததும் இந்த அடக்கும் சைகையைத்தான்.

முட்டு எடுபடும் அந்தச் சின்ன இடைவெளியில் வந்து சேரும் செய்தி உள்ளே போகும், தாமதித்து வந்தால் வாசலிலேயே நிற்கும். மூளையின் இரண்டு பகுதிகளின் அலைகள் கைகோத்திருந்தால் அவற்றுக்கிடையே பேச்சு நடக்கும் என்று பாஸ்கல் ஃபிரீஸ் 2005இல் வாதாடினார். இன்னும் தகராறில் உள்ள கருத்து. ஆனாலும் பெர்கரை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இரண்டு மனங்கள் பேசிக்கொள்ளும் வழியைத் தேடிப் போனவர் கொண்டுவந்த கருவி, ஒரே மூளையின் இரண்டு மூலைகள் பேசிக்கொள்ளும் வழியைத் தேட உதவுகிறது.

அலையில் எந்த நேரத்தில் துடிக்கிறது என்பதில் இடத்தின் செய்தியும் உண்டு. எலி ஓர் இடத்தைக் கடக்கும்போது அந்த இடத்துக்கென்றே உள்ள செல், ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் நொடிக்கு எட்டு வாக்கில் ஓடும் தீட்டா அலையின் மேல் துடிக்கிறது. எலி நடக்க நடக்க, ஒவ்வொரு அலையிலும் முன்னதைவிடச் சற்று முந்தித் துடிக்கும் என்று ஜான் ஓகீஃபும் மைக்கேல் ரெக்கியும் 1993இல் கண்டார்கள். கச்சேரி கேட்பவர்களுக்குச் சொன்னால், ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் எடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வருவது போல. எடுப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தே எலி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

கருவிகளும் மாறிவிட்டன. ஹூபல் காலத்தில் ஒரு மின்முனை, ஒரு செல். 2017இல் வந்த நியூரோபிக்சல்ஸ் என்ற மின்முனை ஒரு சென்டிமீட்டர் நீளம், தலைமுடிப் பருமன். அதில் 960 பதிவிடங்கள், ஒரே சமயத்தில் 384ஐக் கேட்கலாம்.

நோய்ப் பக்கம் வந்தால் பெர்கரின் காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் இன்னும் தெளிவாகத் தெரியும். பார்க்கின்சன் நோயாளியின் கை கால் ஏன் பூட்டிக்கொள்கிறது? மூளையின் அடித்தளத்தில் நொடிக்கு 13 முதல் 30 வரையிலான பீட்டா அலை அளவுக்கு மீறிக் கெட்டிப்பட்டிருக்கிறது. மாத்திரை வேலை செய்தால் அந்த அலை தளர்கிறது. பிரான்ஸின் கிரனோபிளில் 1987இல் பெனாபிட் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த முறைப்படி, மூளைக்குள் மின்முனை வைத்து இரவு பகலாகத் தூண்டுவார்கள். 2025இல் அமெரிக்க அரசு அனுமதித்த புது வகைக் கருவி, நோயாளியின் அலையைக் கேட்டு அதற்கேற்பத் தூண்டலைக் கூட்டிக் குறைக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ராயின் குழு, வயது ஏற ஏறக் காமா தளர்வதையும், நினைவு மங்கத் தொடங்கியவர்களிடம் அது மேலும் குறைவதையும் சாதாரண இஇஜியிலேயே காட்டியிருக்கிறது. சேர்ந்து துடிப்பது கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய்.

யூடியூபில் ‘40 ஹெர்ட்ஸ் நினைவாற்றல் இசை’ விற்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 40 ஹெர்ட்ஸில் மினுக்கும் விளக்கு, அல்சைமர் எலிகளின் மூளையில் படியும் புரதத்தைக் குறைத்தது என்று 2016இல் எம்ஐடி சொன்னது உண்மை. 2023இல் நியூயார்க்கின் புஸாக்கி ஆய்வகம் அதைச் சோதித்துப் பார்த்து, அப்படி எதுவும் காணவில்லை என்று எழுதியதும் உண்மை. மனிதர்களிடம் சோதனை நடக்கிறது. முடிவு தெளிவாகும்வரை காசை வைத்துக்கொள்ளுங்கள்.

இஇஜி அறைக்குத் திரும்புவோம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் வலிப்புக்காக வருகிறவர்கள். வலிப்பென்றால் முட்டுக்கட்டை தெறித்து, லட்சக்கணக்கான நியூரான்கள் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு ஓடுவது. பேயும் இல்லை, சாபமும் இல்லை. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் மூளையே தன்னை அடக்கிக்கொள்ளும். அந்த ஓரிரு நிமிடத்துக்குள் யாராவது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், வலிப்பு நிற்கும், பெயர் இரும்புக்குப் போய்விடும். சாவியைத் தேடி ஓடாதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கூர்மையானவற்றை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் துண்டை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.